உப்பு வண்டி அம்மாவும் நான் இறக்காத கையும்

இதை எழுதவேண்டும் என்று நினைப்பதும் தள்ளிப்போடுவதுமாகப் பல மாதங்கள் போய்விட்டன. பேனாவை எடுப்பேன், மூடி வைப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்மேல் நின்று கைசாடை காட்டிப் பிழைத்தவன். வாயால் பேசுகிற வேலைகூட இல்லை என்னுடையது. அப்படிப்பட்டவன் அமெரிக்காவில் ஒரு பெண் எழுதிய கவிதைப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதுகிறான் என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். ஊர் சிரித்து நான் பார்க்காததா? அந்தக் கதையும் இதற்குள் வரும்.

முதலில் அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் அட்டையில் இருக்கிறது. என் நாக்கில் அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருவதால் இங்கே எழுதவில்லை. எங்கள் வீட்டில் அவருக்கு ‘உப்பு வண்டி அம்மா’ என்று பெயர். பெரிய ஏரி ஒன்றின் கரையில், குளிர்காலம் முழுக்கப் பனி உறைந்து கிடக்கும் ஒரு சின்னத் துறைமுக ஊரில் பிறந்தவர். பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலை பார்த்தவர். கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, ஒழுங்காகப் போகிறவர். ஒரே மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்த பிறகுதான் எழுத ஆரம்பித்தாராம். அவரிடம் முறையாக அனுமதி வாங்கித் தமிழில் கொண்டுவந்திருப்பவள் என் மருமகள் கிரேஸ்.

இந்த முன்னுரையை எழுத வேறொருவர் இருந்தார். படித்தவர், நல்லவர். அவர் ஏன் எழுதவில்லை, நான் ஏன் எழுதுகிறேன் என்பதைச் சொல்லவேண்டுமானால் நான் பார்த்த வேலையிலிருந்து தொடங்கவேண்டும்.

நாசரேத் பக்கத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பிழைக்க வந்தேன். மூட்டை சுமந்தேன், பாரத்தைக் கட்டப் பழகினேன், பிறகு சிக்னல்மேன் ஆனேன். பழகின காலத்தைப் பற்றி இவ்வளவு போதும். சிக்னல்மேன் வேலை என்னவென்று மட்டும் விளக்குகிறேன். கப்பலின் சரக்கறை பெரிய கிணறு மாதிரி. கிரேன் ஓட்டுகிறவர் உயரத்தில் கூண்டுக்குள் இருப்பார். கிணற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கிணற்று விளிம்பில் ஒருவன் நின்று, உள்ளே பார்த்து, கையால் காட்டுவான். தூக்கு, இறக்கு, மெதுவாக, நில். அவன் கைதான் கிரேன்காரருக்குக் கண்.

சில கப்பல்களில் சரக்கை உள்மூலையில் ஆழத்தில் அடுக்கியிருப்பார்கள். விளிம்பில் நிற்பவனுக்கும் அந்த மூலை தெரியாது. அப்போது உள்ளே ஒருவன் நிற்பான், விளிம்பில் ஒருவன் நிற்பான். உள்ளே இருப்பவன் காட்டுவதை விளிம்பில் இருப்பவன் பார்த்து அப்படியே கிரேன்காரருக்குக் காட்டவேண்டும். இந்த நடு இடத்தில்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போனது.

எங்கள் போர்மேன் செல்வின் அண்ணாச்சி. வெள்ளைச் சட்டை, காலருக்குள் மடித்துச் செருகிய கைக்குட்டை, வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. அவர் கத்தி நான் கேட்டதில்லை. மனம் நன்றாக இருந்தால் “ஏலே” என்பார். கோபம் வந்துவிட்டால் “சார்” என்பார். “ஏலே ஞானம், இங்கன வா” என்றால் டீ வாங்கித் தரப்போகிறார் என்று அர்த்தம். “ஞானராஜ் சார், கொஞ்சம் வாங்க” என்றால் அன்றைக்குச் சோறு செரிக்காது. புதிதாக வந்தவர்கள் மரியாதை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போவார்கள், முகம் செத்துத் திரும்பி வருவார்கள்.

நடு இடத்தில் என்னை முதலில் நிறுத்தியபோது அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

“ஏலே, நடுவுல நிக்கவனுக்கு மூளை வேண்டாம்லே. கண்ணும் கையும் போதும். உள்ள இருக்கவன் காட்டுனதை அப்படியே வெளிய காட்டு. கூட்டிராதே, குறைச்சிராதே. அவன் ‘நில்’லுங்கான், நாம கொஞ்சம் ‘மெதுவா’ன்னு காட்டுவோம், போர்மேன் சந்தோசப்படுவாருன்னு நினைச்சே, தொலைஞ்சோம்.”

“அவன் தப்பாக் காட்டுனா அண்ணாச்சி?”

“தப்பு அவனுக்கு. மாத்துனா பாவம் உனக்கு. இன்னொண்ணு கேட்டுக்கோ. தூக்கு, இறக்கு எல்லாம் ஒருத்தன் கைக்குத்தான் கிரேன் கேக்கும். ‘நில்’லு மட்டும் யாரு காட்டுனாலும் கேக்கணும். தரை கூட்டுதவன் காட்டுனாலும் கேக்கணும்.”

‘நில்’ என்பதற்கு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நேராக நீட்டி அசையாமல் நிற்கவேண்டும். நான் அப்படி நின்றால் சுடலைமணிக்குச் சிரிப்புத் தாங்காது. சுடலை என் கூட்டாளி, திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரன், மாதந்தோறும் கிருத்திகைக்கு முருகனைப் பார்க்காமல் இருக்கமாட்டான். “ஏ வேதக்காரா, கை நல்லா விரியுதே, கோயில்ல சொல்லிக்குடுத்தாவளா?” என்று கீழே இருந்து கத்துவான். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்பார்கள். “சிரிக்காதடே, பாரம் தலைக்கு மேல தொங்குது” என்பேன். அவன் உள்ளே, நான் விளிம்பில். நாங்கள் இருவரும் சேர்ந்து நின்ற கப்பல்களுக்குக் கணக்கே கிடையாது.

நான் சொல்லவந்த அந்த மத்தியானத்தில் நின்றது, வெட்டிய மரத்தடிகளை ஏற்றிவந்த கப்பல். ஒவ்வொரு தடியும் மூன்று ஆட்கள் கைகோத்தாலும் கட்டமுடியாத பருமன். கடைசித் தடிகள் உள்மூலையில் கிடந்தன. அடுத்த கப்பல் வெளியே காத்திருந்தது. செல்வின் அண்ணாச்சிக்கு மேலே இருப்பவர்கள் அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். காலர்க் கைக்குட்டையை அவர் கையில் எடுத்துவிட்டார். அப்படி எடுத்து நான் பார்த்ததில்லை.

ஒரு தடி பாதி உயரம் வந்திருந்தது. உள்ளே சுடலை இரண்டு கைகளையும் நீட்டினான். நான் நீட்டினேன். கிரேன் நின்றது. தடி சரக்கறைக்கு நடுவில் தொங்கியது, லேசாகச் சுற்றிக்கொண்டு.

“என்னலே?” என்றார் அண்ணாச்சி.

“சுடலை நில்லுன்னு காட்டுதான் அண்ணாச்சி.”

“எதுக்காம்?”

“தெரியல.”

தெரியத்தான் இல்லை. கீழே இரைச்சல். அவன் வாய் அசைவதும் எனக்குப் புரியவில்லை. கை மட்டும்தான் புரிந்தது. அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். அவருக்கு அந்த மூலை தெரியவில்லை. தெரிந்தவரைக்கும் தடிக்குக் கீழே யாருமில்லை.

“ஒண்ணுமில்லலே. தூக்கச் சொல்லு.”

நான் கையை இறக்கவில்லை.

“ஏலே ஞானம், மேல இருக்கவன் என் உயிரை எடுக்கான். தூக்கச் சொல்லு.”

“அவன் இறக்கட்டும் அண்ணாச்சி, நானும் இறக்குதேன்.”

கிராம்பைத் துப்பினார். பிறகு மெதுவாக, மரியாதையாகச் சொன்னார்.

“சார். கையை இறக்குங்க சார்.”

என் வேலை போய்விட்டது என்று அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. தோள்பட்டை எரிந்தது. கிரேன்காரர் மேலே இருந்து என் தாயை இழுத்துப் பேசினார். நான் மனதுக்குள் “கர்த்தாவே, என் கையைத் தாங்கும்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு ஜெபம் வரவில்லை. கீழே அவன், மேலே நான், ஒரே கோலத்தில் நின்றோம்.

கடைசியில் உள்ளே இருந்து ஒருவன் ஏணியேறி வந்து விஷயத்தைச் சொன்னான். இசக்கி என்ற தொழிலாளியைக் காணோம். சற்றுமுன் மூலையில் தடிகளுக்கு அந்தப் பக்கம் நின்றவன் இப்போது கண்ணில் படவில்லை. கூப்பிட்டாலும் பதில் இல்லை. தடிகளுக்கு இடையில் விழுந்து கிடக்கிறானோ என்று தேடுகிறார்கள்.

எல்லோரும் தேடினோம். இசக்கி கிடைத்தான். கப்பலுக்கு வெளியே, துறைமுகத் தரையிலிருந்து படியேறி வந்துகொண்டிருந்தான். கையில் டீ. யாரிடமும் சொல்லாமல் அந்தப் பக்கத்து ஏணி வழியாகப் போயிருக்கிறான். எங்களைப் பார்த்துவிட்டு, “என்னய்யா, எல்லாரும் வேலைய விட்டுட்டு கீழ எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிய? புதையல் எதும் கிடக்கா?” என்றான்.

கப்பலே சிரித்தது. வெளிநாட்டு மாலுமிகளும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். செல்வின் அண்ணாச்சி சிரிக்கவில்லை. “ஒரு டீக்கு ஒரு கப்பலை நிறுத்துன பெரிய மனுசங்க. ரெண்டு பேரும் நாளைல இருந்து கிடங்குக்குப் போங்க சார்” என்றார்.

அந்தப் பருவம் முழுக்கக் கிடங்கில் சாக்கு அடுக்கினோம். எனக்கு ‘டீ சிக்னல்’ என்று பெயர் வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அந்தப் பெயர் போகவில்லை. பிரிவு உபசார விழாவில் மாலை போட்டு, கைதட்டி, பரிசு என்று ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அந்த ஃபிளாஸ்க்கில்தான் இன்றைக்கும் டீ குடிக்கிறேன்.

நான் செய்தது வீண்வேலை என்று பலர் சொன்னார்கள். ஒரு உயிரைக் காப்பாற்றியிருந்தால் பேப்பரில் படம் வந்திருக்கும். காப்பாற்ற உயிரே இல்லை என்றார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். ஆபத்தைக் கண்டு நான் கையை நீட்டவில்லை. எனக்கு முன்னால் நின்றவன் நீட்டினான், அதற்காக நீட்டினேன். அவன் ஏன் நீட்டினான்? கிடங்கில் சாக்கு அடுக்கும்போது கேட்டேன். “இருந்தான், இப்ப இல்ல. அதான் கை நீட்டுனேன். வேற என்ன செய்யச் சொல்லுத?” என்றான் சுடலை. இருந்தவன் இல்லாமல் போனால் உலகம் ஒரு நிமிஷமாவது நிற்கவேண்டாமா? அந்த மத்தியானம் திரும்ப வந்தாலும் கையை இறக்கமாட்டேன்.

இந்தச் சம்பவத்தை எழுதித் தரும்படி துறைமுகத்தில் இப்போது வேலை பார்க்கும் பையன்கள் கேட்டிருக்கிறார்கள். இப்போது எல்லோர் காதிலும் வயர்லெஸ் இருக்கிறது. கிரேனில் கேமரா இருக்கிறது. நல்லதுதான். அவர்களுக்கு இது நகைச்சுவைத் துணுக்கு. அதனால்தான் எழுதவில்லை. எழுதவேண்டிய காரணம் என் வீட்டுக்குள் வந்து நிற்கும் என்று அன்றைக்குத் தெரியாது.

மில்லர்புரத்தில் எங்கள் வீட்டில் நானும் மனைவி ரத்னமும் மருமகள் கிரேஸும் இருக்கிறோம். மகனுக்கு வளைகுடாவில் வேலை. கிரேஸ் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். சாம் என்று ஒரு பேரன் இருந்தான். ஒரு மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனோம். திரும்பும்போது கை வெறுமையாக வந்தோம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அவனுடைய சின்னச் செருப்பு பின்வாசலில் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் கர்த்தருடைய சித்தம் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் அந்த வார்த்தை கேட்டதும் கிரேஸ் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள். எங்கள் வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, ஒவ்வொருவராகத் தங்கள் வாயால் ஜெபம் பண்ணவேண்டும். ஒருவர் ஜெபித்து முடித்ததும் மற்றவர்கள் ‘ஆமென்’ சொல்லவேண்டும். கிரேஸின் முறை வரும்போது அவள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். கொஞ்சம் காத்திருந்துவிட்டு ரத்னம் தொடர்வாள்.

அந்த நாட்களில்தான் கிரேஸ் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். கல்லூரியில் கூடப் படித்தவள் எப்போதோ கொடுத்ததாம். அடுப்படியில் நின்றே வாசிப்பாள். பிறகு எழுத ஆரம்பித்தாள். ஒருநாள் என்னிடம் வந்து கேட்டாள்.

“மாமா, ரோட்டுல உப்புப் போட்டு நீங்க பாத்திருக்கியளா?”

“லாரியில இருந்து சிந்தும். யாரும் போட்டுப் பாத்ததில்லம்மா. எதுக்குப் போடணும்?”

“அந்த ஊர்ல பனி உறைஞ்சு ரோடு கண்ணாடி மாதிரி ஆயிருமாம். உப்புப் போட்டா உருகிருமாம். அதுக்குன்னு உப்பு வண்டி வருமாம்.”

“நல்ல கூத்து. ஆறுமுகநேரியில மலை மலையாக் கிடக்கத அங்கன கொண்டுபோய் ரோட்டுல கொட்டுதாவளா?”

அவள் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். பிறகு தான் எழுதியதை வாசித்தாள்.

மறுநாள் காலை
உப்பு வண்டி வந்தது.
அவன் வழுக்கிய இடத்தில்
நிறையவே போட்டுவிட்டுப் போனது.

“மீதி?” என்றேன்.

“அவ்வளவுதான் மாமா.”

அவ்வளவுதான். கவிதை அங்கேயே நின்றுவிடுகிறது. யாரையும் திட்டவில்லை, அழவில்லை. உப்பளத்து ஊரில் உப்போடு கிடந்த எனக்கு, உப்பு ஒருநாள் பிந்தி வரக்கூடிய சாமான் என்று அதுவரை தோன்றியதில்லை. அன்றிலிருந்துதான் அவருக்கு உப்பு வண்டி அம்மா என்று பெயர்.

அவருடைய கவிதைகள் பெரும்பாலும் இப்படித்தான். வீட்டுச் சாமான்கள், சமையல்கூடத்துச் சாமான்கள்தான் வரும். பிள்ளைகளுக்குக் கிழங்கு அவித்துப் பரிமாறுகிற கவிதை ஒன்று இருக்கிறது. ஒரு சின்னப் பையன் அவரைத் தெரியாமல் ‘அம்மா’ என்று கூப்பிட்டுவிட்டு வெட்கப்படுகிறான். அவர் அவன் தட்டில் இன்னொரு அகப்பை போடுகிறார். ‘முழங்கால்’ என்று ஒரு கவிதையில், உம்முடைய கோயில் தரையைத் தேய்த்துத் தேய்த்து என் முழங்கால் போய்விட்டது, இன்றைக்கு நான் நின்றுகொண்டே பேசுகிறேன், நீர் உட்கார்ந்து கேளும் என்கிறார். வரி பாதியில் நிற்கும். அடுத்தது என்ன என்று நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வீர்கள். அவர் இறக்கமாட்டார். அப்படியே தொங்கவிட்டுப் போய்விடுவார். இது என்ன கவிதை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தலைக்குமேல் பாரம் தொங்கி அறியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

ஒரு சாயங்காலம் ஜெபத்தில் கிரேஸின் முறை வந்தது. ரத்னம் வழக்கம்போலத் தொடர வாயெடுத்தாள். கிரேஸ் “நான் பண்ணுதேன் அத்தை” என்றாள். கண்ணை மூடவில்லை. அந்தப் புத்தகத்துக் கவிதை ஒன்றை மனப்பாடமாகச் சொன்னாள்.

ஆண்டவரே,
உம்மை மன்னித்துவிட்டேன்.
ஆனாலும் இன்றைக்கு வீட்டுக்கு வரவேண்டாம்.
வாசலில் அவன் செருப்புக் கிடக்கிறது,
தடுக்கிவிடும்.

“ஏளா” என்றாள் ரத்னம், “யாரைப் பாத்து என்ன பேசுத?” கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. ஜெபம் முடிந்துவிட்டது. ‘ஆமென்’ சொல்லவேண்டிய இடம் அது.

நான் சொல்லவா என்று யோசித்தேன். வாய் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். என் கர்த்தரை ஒருத்தி மன்னிப்பதா? ரத்னம் பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தச் செருப்பைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஆமென்” என்றாள். பிறகு நானும் சொன்னேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கிரேஸ் எங்களோடு கோயிலுக்கு வந்தாள். கடைசி வரிசையில் நின்றுகொண்டே இருந்தாள், உட்காரவில்லை. ஆனால் வந்தாள்.

புத்தகம் முழுதாகத் தயாரானது. பாளையங்கோட்டைப் பதிப்பகத்தார் பெயருள்ள ஒருவரின் முன்னுரை வேண்டும் என்றார்கள். முன்னுரை இல்லாமல் ஒரு புது ஆளின் மொழிபெயர்ப்பை யார் வாங்குவார் என்பது அவர்கள் கவலை. எங்கள் சபையில் ஒரு பேராசிரியர் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். அவரிடம் கொடுத்தோம். எங்கள் வீட்டுக்கே வந்தார். சாம் போனபோது சவப்பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தவர் அவர். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

“ஞானராஜ், உங்க மருமக பெரிய காரியம் பண்ணியிருக்கா. நான் கண்ணீரோட வாசிச்சேன்” என்றார். எங்களுக்கு வயிறு குளிர்ந்தது.

“ஒரே ஒரு இடந்தான். அந்தச் செருப்புக் கவிதை. ஆண்டவரை நாம மன்னிக்கதா? சபையார் வாசிப்பாவ. பெலவீனமான விசுவாசிங்க இடறிருவாவ. அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுட்டேன். பாருங்கம்மா.”

பென்சிலால் அழகாக எழுதியிருந்தார்:

ஆண்டவரே, என்னை மன்னியும்.
இன்றைக்கு என் வீட்டுக்கு வாரும்.

நல்ல வரிகள்தான். நான் தினமும் பண்ணுகிற ஜெபம்தான் அது. ஆனால் அந்த அம்மா அதைச் சொல்லவில்லையே. கிரேஸும் சொல்லவில்லையே.

“அவ சொன்னதுக்கு எதிர்மாறா இருக்கு ஐயா” என்றாள் கிரேஸ் மெதுவாக.

“எதிர்மாறு இல்லம்மா. அவ மனசுக்குள்ள இதைத்தான் சொல்லவந்திருப்பா. துக்கத்துல வார்த்த புரண்டிருச்சு. நாம நேராக்குதோம். அவ்வளவுதான்.”

கிரேஸ் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷத்து உழைப்பு. பதிப்பகத்தார் சொன்னதும் அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்தாள். “விடுங்க மாமா. மாத்திருதேன். ஒரு கவிததானே. மத்ததெல்லாம் வெளிய வரட்டும்” என்றாள். சொல்லும்போதே அவள் முகம் பழைய முகமாகிவிட்டது. சமையலறைக்குள் போகிற முகம்.

அவள் மறுபடியும் ஊமையாகப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஆண்டவரிடம் அவள் பேசிய ஒரே பேச்சு அது. அதை அழித்துவிட்டு நல்ல பேச்சு ஒன்றை அவள் வாயில் வைக்கிறோம். அப்புறம் அவள் எதற்கு வாயைத் திறப்பாள்?

“மாத்தவேண்டாம்” என்றேன்.

“ஞானராஜ், நீங்க விசுவாசி. நீங்களே...”

“விசுவாசிங்கதால சொல்லுதேன் ஐயா. வேதத்துலயே ஆண்டவர்கிட்ட சண்டை போட்டவங்க இருக்காவ. அதை யாரும் அழிக்கல. அந்தம்மா அமெரிக்காவுல இருந்து ஒண்ணு காட்டுதா. எம் மருமக நடுவுல நிக்கா. அவ காட்டுனதை அப்படியே காட்டணும். மாத்துனா பாவம் இவளுக்கு வரும்.”

“இதனால யாராவது இடறினா?”

“இடறட்டும் ஐயா. செருப்புக் கிடக்குன்னுதானே அந்தம்மாவும் சொல்லுதா.”

ரத்னம் டீ கொண்டுவந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

“சரி சார்” என்றார். “உங்க இஷ்டம் சார்.”

அந்தச் சொல் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். என் தோள்பட்டையில் அந்தப் பழைய எரிச்சல் வந்துபோனது. அவர் டீயைக் குடித்துவிட்டு, எங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போனார். நாங்கள் ‘ஆமென்’ சொன்னோம். முன்னுரை மட்டும் வரவில்லை.

“இப்ப யாரு எழுதுவா மாமா?” என்றாள் கிரேஸ்.

“நான் எழுதுதேன்” என்றேன். சொல்லிவிட்ட பிறகுதான் பயம் வந்தது. பதிப்பகத்தார் தயங்கினார்கள். துறைமுகத் தொழிலாளியின் முன்னுரை என்றால் கொஞ்சம் புதுமையாக இருக்கும் என்று தங்களைத் தாங்களே தேற்றிக்கொண்டார்கள். புதுமையோ பழமையோ, அந்தக் கவிதை அதே இடத்தில் இருக்கவேண்டும் என்றேன். சரி என்றார்கள்.

சுடலைமணியிடம் போய்ச் சொன்னேன். அவன் செருப்புக் கவிதையை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். “ஏ ஞானம், போன கிருத்திகைக்குச் செந்தூர்ல நின்னு முருகன்கிட்ட நான் கேட்ட கேள்விய அந்தம்மா கேட்டா, பேனாவைப் போட்டுட்டு ஓடிருவா. அவன் என்ன செஞ்சான்? இலை விபூதி குடுத்து அனுப்புனான். திட்டுவாங்காத சாமி எங்கன இருக்கு?” என்றான். பிறகு எழுந்து நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினான். முன்போல நேராக வரவில்லை, வயதாகிவிட்டது. நானும் எழுந்து நீட்டினேன். தெருவில் போன ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு விலகி நடந்தாள்.

இந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். உப்புக் கவிதையை முதலில் வாசியுங்கள். கிழங்குக் கவிதையைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். செருப்புக் கவிதைக்கு வரும்போது கோபம் வந்தால் கோபப்படுங்கள். எனக்கும் வந்தது. ஆண்டவருக்காக வருத்தப்படாதீர்கள். அவர் இதைவிடப் பெரிய பாரத்தைத் தாங்கியவர். ஒரு தாய் நில் என்று கை நீட்டினால் அவரால் நிற்க முடியும் என்றே நான் நம்புகிறேன். அப்படி நம்பாவிட்டால் எனக்கு ஜெபமே கிடையாது.

யாருக்காவது இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள். அந்த அம்மா எழுதியதையும், நான் எழுதியதையும். என்னை வீரனாக்கவேண்டாம், இசக்கி சாகவில்லை, டீ குடித்துக்கொண்டிருந்தான் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ரத்னமும் நானும் ‘ஆமென்’ சொல்லத் தயங்கினோம் என்பதையும் சொல்லுங்கள். கிரேஸ் இன்னும் கடைசி வரிசையில் நிற்கத்தான் செய்கிறாள். உட்கார்ந்துவிட்டாள் என்று முடித்துவிடாதீர்கள். இப்போது நடுவில் நிற்பது நீங்கள். உங்களுக்கு முன்னால் ஒருத்தி கை நீட்டி நிற்கிறாள். அவள் இறக்கும்வரை நீங்களும் இறக்கவேண்டாம்.